பெத்தாய் மாலையும் முதல் போணியும்

ஒரு பஸ் நிற்கும் கொட்டகை. ஒரு பஞ்சர் கடை. ஒன்றரை லோரி. கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கழிவறைகள். ஓர் ஆட்டுக் கொட்டகை. ஆடுகள் ஓடிப்போன பிறகு அதே இடத்தில் ஒரு பூப்பந்து மைதானம். இவ்வளவும் நான் கட்டியவை. புக்கிட் பெலண்டோக் பக்கம் ரப்பர் பால்மரத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் கட்டியவை. நான் தொடங்கும்போதெல்லாம் வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார், கணக்கெழுதும் கிராணி சிரித்தார், என் மாமனார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அரை லோரி எப்படி என்று கேட்பீர்கள். இரண்டாவது லோரியை மைத்துனரோடு கூட்டாக வாங்கினேன். முன்பாதி என்னுடையது என்று பேச்சு. இன்ஜின் இருக்கிற பாதி எது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பஸ் கொட்டகையைப் பற்றியும் சிலர் பேசுகிறார்கள். நான் தகரம் போட்ட மறு வருடமே பஸ் வருவது நின்றுவிட்டதாம். அது பஸ்ஸின் குற்றம். கொட்டகை இன்னும் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று உண்டு. அது என் கைராசி. கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரத்தைப் போணி என்கிறோம். அதைச் செய்கிறவர் பேரம் பேசக்கூடாது, கடன் சொல்லக்கூடாது, முகத்தைச் சுளிக்கக்கூடாது. கை நல்ல கையாக இருந்தால் கடை நிமிரும். எங்கள் வட்டாரத்தில் நிமிர்ந்து நிற்கிற எந்தக் கடையையும் கேட்டுப் பாருங்கள். முடிவெட்டும் கடையில் முதல் தலை என் தலை. அப்போதே அதில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை. அதற்காகக் கடமையை விட்டுவிட முடியுமா? கைப்பேசிக் கடை திறந்தபோது என்னிடம் கைப்பேசி கிடையாது. உறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் வந்தபோது வலிக்காத ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். இன்று அவரிடம் சிரம்பானிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. என் பல் சும்மா போகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இடைநிலைப்பள்ளிக்கு ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். தெமியாங் பக்கத்துப் பெண், சின்ன வயது, பேச்சில் அவசரமே கிடையாது. ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்கு நம் வட்டாரத்துச் சமூகப் பொருளாதார மேம்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்துவதாகவும், புத்தகத்தில் இருப்பது போதவில்லை, ஊரில் செய்து காட்டியவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, லயத்திலிருந்து தொடங்கிப் பல் டாக்டர் வரைக்கும் சொன்னேன். தேநீர் ஆறிப் போனது. டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் கேட்டார்:

"ரொம்ப நல்லதுங்க ஐயா. அம்மா இருக்காங்களா?"

என் வீட்டுக்காரியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து எங்கள் வீட்டுப் பின்கட்டில் மரவள்ளிக்கிழங்கு வறுவல், முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் செய்கிறார்கள். தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்த பிறகு, நாங்கள் எல்லாரும் பக்கத்தில் வரிசை வீடுகளாகக் கட்டிய தாமானுக்குக் குடிவந்தோம். அப்போது தொடங்கிய தொழில். லுக்குட்டில் ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, தன் கடைப் பெயரை ஒட்டி விற்பார். அதில் தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவர் படம் வேறு. என் வீட்டுக்காரி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், "இந்த ஆளு ஒரு நாளாச்சும் எங்க அடுப்படிக்கு வந்துருப்பானா?" என்பாள்.

டீச்சர் பார்க்க வந்தது அவர்களை. சரி. பெண்களைக் கேட்பதும் தேவைதான். நான் சொன்னதுக்குச் சாட்சி வேண்டுமே.

அவர் கிளம்பும்போது வாசல்வரை கூடவே போய், வகுப்புக்கு எப்போது வரட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் செருப்பைத் தேடினார். பிறகு, "அம்மா வர்ற அன்னைக்கே நீங்களும் வாங்க ஐயா" என்றார்.

வகுப்பில் என் வீட்டுக்காரி கிழங்கு எங்கிருந்து வருகிறது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது, வறுவல் யார் கைக்குப் போகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். நம் ஊரில் சம்பாதிக்கிற காசு அன்றைக்கே வெளியூர்க் கடைக்கு ஓடிவிட்டால் ஊருக்கு ஒன்றும் தங்காது. அதே காசு ஓடுவதற்கு முன்னால் நம் ஊரிலேயே நாலு கை மாறினால் நாலு வீட்டில் அடுப்பு எரியும். செய்கிறவர்கள் தங்கள் பெயரிலேயே விற்றால் இன்னும் நல்லது. இதுதான் பாடம். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து, நாலு கை மாறுவது இருக்கட்டும், முதல் கை யாருடைய கை என்று கேட்டேன். போணியைப் பற்றி விளக்கினேன். பேரம் கூடாது, கடன் கூடாது என்று சட்டதிட்டம் எல்லாம் சொன்னேன். பல் போன இடத்தைத் திறந்தும் காட்டினேன். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். எதைச் சொன்னாலும் அதிலே ஒரு கேள்வி வைத்திருக்கிற பிள்ளை.

"தாத்தா, நீங்க கட்டுன பஸ் ஸ்டாப்புனால யாருக்கு என்ன வருமானம்?"

"மழைக்கு ஒதுங்குறாங்கள்லம்மா."

"அது வருமானமா தாத்தா?"

"நனையாம இருக்குறது வருமானம் இல்லியா? துணி காயப் போடுற வேல மிச்சம் லா!"

வகுப்பே கைதட்டியது. டீச்சர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. உணர்ச்சிவசப்பட்டிருப்பார்.

பாடம் வகுப்போடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் முச்சந்தியில் பாசார் என்கிற சந்தை கூடும். அதில் பெண்களுக்காக ஒரு மேசை போடலாம், பிள்ளைகள் நின்று விற்கலாம், பொட்டலத்தில் பெண்களின் பெயரே இருக்கட்டும் என்று முடிவானது. பாசார் தலைவர் மலாய்க்காரர். சின்ன வயதில் எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர். அவர் தமிழில் திட்டினால் நானே புதிதாகக் கற்றுக்கொள்வேன். மேசைக்கு இடம் ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது. அதைப் பர்கர் விற்கும் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு ஞாயித்துக்கெழம குடுக்கறேன் அண்ணே," என்றார் தலைவர். "கூடாரத்த மடிக்கிறதுக்குள்ள மேசை காலியா இருந்தா எடம் ஒங்க பொம்பளைங்களுக்கு. சாமான் மிஞ்சுனா பர்கருக்கு. அப்பறம் எங்கிட்ட வந்து அழுவக் கூடாது லா."

ஆக, அந்த ஒரு காலைதான். விற்றால் சொந்த மேசை, சொந்தப் பெயர். விற்காவிட்டால் பழையபடி தலைப்பாகைக்காரர்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சும்மா விட முடியுமா? போணி நான்தான் என்று சொல்லிவிட்டேன். டீச்சர், "அதுக்கென்னங்க ஐயா, தாராளமா பண்ணுங்க" என்றார். அதோடு நான் நிற்கவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு தாமானில் ஒவ்வொரு சந்தாகப் போய், ஞாயிறு பாசாருக்கு எல்லாரும் வர வேண்டும், ஆனால் நான் போணி பண்ணுகிறவரைக்கும் அந்த மேசையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அறிவித்துவிட்டு வந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல குணம். ஒரு வாளி தண்ணீர் பிடித்துக் கொடு என்றால் கேட்காத காதெல்லாம் போணி என்றால் கேட்கும். அடுத்தவர் போணியைக் கெடுத்த பழி யாருக்கு வேண்டும்?

ஞாயிறு வந்தது. நான் பட்டுச் சட்டை போட்டு, மீசைக்கு மை தடவி, பிள்ளைகள் கூடாரக் காலை நடுகிற நேரத்திலேயே போய்விட்டேன். ஆனால் நேராக மேசைக்குப் போகவில்லை. திறப்பு விழாவுக்கு வருகிறவர் தானாகப் போய்க் கதவைத் தட்டுவாரா? எதிரே இருந்த கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். கூப்பிடுவார்கள், மாலை போடுவார்கள், எழுந்து போகலாம்.

கூப்பிடவில்லை.

ஒரு கோப்பி குடித்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு லோரியின் முன்பாதியைப் பற்றிச் சொன்னேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். எதிரே மேசையில் பொட்டலங்கள் மலைபோல் இருந்தன. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். யாரும் நகரவில்லை.

பிறகுதான் தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற பெரியவரை அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று டீச்சரே பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்தாராம். நல்ல வளர்ப்பு. ஆனால் அன்றைக்கு அது வேண்டியதில்லை.

இதற்குள் தாமான் ஆட்கள் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். யாரும் வாங்கவில்லை, யாரும் போகவுமில்லை. ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைத் தொடப் போனார். பக்கத்தில் நின்ற அம்மா கையிலேயே ஒன்று போட்டார்.

"இன்னும் போணி ஆகல! கைய எடு லா!"

"பாக்கத்தான் போனேன் அக்கா!"

"கண்ணால பாரு!"

கூட்டத்தைப் பார்த்து இன்னும் கூட்டம் வந்தது. காய்கறி விற்கும் சீனத்து அம்மா தன் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். மலாய்க்காரக் குடும்பம் ஒன்று குடையோடு வந்து நின்றது. எதற்காக நிற்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனை பேர் வாங்காமல் காத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டார்கள். மருந்து என்றார் ஒருவர். பரிசுக் குலுக்கல் என்றார் இன்னொருவர்.

வெயில் ஏறியது. தூரத்துக் கடைகளில் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பர்கர்காரர் வந்து, மேசை இருந்த இடத்தைக் காலடி வைத்து அளந்து பார்த்தார். பாசார் தலைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரி கோப்பிக்கடைக்கு வந்தாள். வந்த நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது மாலை போடுகிற நடை இல்லை.

"என்னாங்க செய்றீங்க இங்க?"

"கூப்புடுவாங்கன்னு ஒக்காந்துருக்கேன்."

"யாரு கூப்புடணும்? அகோங் ராசாவா வந்து கூப்புடணும்?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரு மாலகூட வாங்கி வெக்கலியே இவங்க."

"ஒங்க மரியாத குளுகுளுன்னு நெழல்ல ஒக்காந்து கோப்பி குடிக்குது. எங்க முறுக்கு வெயில்ல காயுது. அந்தப் பர்கர்காரன் எங்க எடத்துல சமையக்கட்டே கட்டி முடிச்சிட்டான் மனசுக்குள்ள. எந்திரிக்கிறீங்களா, இல்ல நாற்காலியோட தூக்கிட்டுப் போவவா?"

"மால போட்டுக் கூப்புட்டா வரேன்."

ஒரு மனிதனுக்குக் கொள்கை என்று ஒன்று வேண்டும்.

என் வீட்டுக்காரி திரும்பிப் போய்க் கண்ணாடிப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். பாசாரில் பூக்கடை கிடையாது. அந்தப் பிள்ளை சுற்றிலும் பார்த்தது. பக்கத்து மேசையில் பெத்தாய் விற்பவரிடம் ஓடியது. பெத்தாய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கை நீளத்துக்குப் பச்சையாய்த் தொங்குகிற அவரைக்காய் மாதிரியான காய். சாப்பிட்டால் அருமை. சாப்பிட்டவர் பக்கத்தில் மறுநாள் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தப் பிள்ளை ஒரு பெரிய கொத்தை இரவல் வாங்கி, சணல் கயிற்றில் வளைத்துக் கட்டி, ஓடி வந்து என் கழுத்தில் போட்டது.

"தாத்தா, வாங்க. போணி பண்ணுங்க."

பெரிய பெரிய மந்திரிகளுக்கெல்லாம் சாமந்தி மாலைதான் போடுகிறார்கள். பெத்தாய் மாலையோடு எங்கள் ஜில்லாவில் நடந்தவன் நான் ஒருவன்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மரியாதையால் பாதி, வாசனையால் பாதி என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். அதை விடுங்கள்.

மேசைக்கு முன்னால் நின்றேன். ஒரு பொட்டலம் மரவள்ளி வறுவலை எடுத்தேன். சட்டைப் பையில் கை விட்டேன். பை இல்லை. பட்டுச் சட்டைக்குப் பை வைக்காமல் தைத்த தையல்காரர் இன்றைக்கும் அதே தாமானில்தான் இருக்கிறார், பேர் சொல்லவில்லை. பணம் வீட்டில், ஆணியில் தொங்குகிற பழைய கால்சட்டையில்.

"நாளைக்குத் தரேம்மா," என்றேன் மெதுவாக.

"கடன் போணி ஆவாது தாத்தா," என்றாள் கண்ணாடி. "வகுப்புல நீங்கதான சொன்னீங்க?"

முறுக்குக்கு அடி வாங்கியவர், "நான் போடுறேன் அங்கிள்!" என்று முன்னால் வந்தார். அவருக்கு இன்னோர் அடி விழுந்தது. அடுத்தவர் காசு போட்டால் அது அடுத்தவர் போணி அல்லவா? எல்லாருக்கும் சட்டம் தெரியும். எல்லாருக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். பாசார் தலைவர் கூடாரக் கயிற்றில் கை வைத்தார்.

"அண்ணே, மடிக்கவா?"

அப்போது என் வீட்டுக்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நோட்டை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். மற்றப் பெண்கள் எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெல்லிய குரலில், "அப்ப இது யாரு கைராசி?" என்று கேட்டேன்.

"காசு எம்பட்டது, கை ஒங்களது. வீட்ல போயி பேசிக்கலாம். குடுங்க மொதல்ல!"

கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கூட்டம் ஒரே மூச்சில் மேசையில் விழுந்தது. சீனத்து அம்மா இரண்டு கையிலும் முறுக்கோடு வெளியே வந்தார். குடைக்காரக் குடும்பம் ஊறுகாயை அள்ளியது. மருந்து என்று சொன்னவர் என்ன வாங்கினாரோ, சாப்பிட்டுவிட்டு முட்டிவலி குறைந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். யாரோ என் மாலையிலிருந்தும் இரண்டு காயைப் பிய்த்துக் காசு கொடுத்திருக்கிறார். என் கையில் இருந்த போணிப் பொட்டலத்தையும் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் மேசையில் ஒரே ஒரு வறுவல் பொட்டலம் மிஞ்சியது. எல்லாரும் வாங்கி முடித்துவிட்டார்கள். தலைவர் அதைப் பார்த்தார். பர்கர்காரரும் பார்த்தார். அவருக்கும் காலையிலிருந்து நின்ற பசி. மெல்ல முன்னால் வந்து, காசை வைத்துவிட்டு, அதை எடுத்துப் பிரித்து அங்கேயே சாப்பிடத் தொடங்கினார்.

"ஒன் எடத்த நீயே வாங்கித் தின்னுட்ட லா!" என்றார் தலைவர் அவரிடம். பிறகு என் வீட்டுக்காரியிடம் திரும்பி, "அக்கா, அடுத்த வாரம் கொஞ்சம் பெரிய மேசையா கொண்டாங்க" என்றார்.

பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என்னையும் கட்டிப்பிடிக்க வந்த டீச்சர், மாலைக்குப் பக்கத்தில் வந்ததும் மனம் மாறிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேசை இன்றைக்கும் ஞாயிறுதோறும் நடக்கிறது. லுக்குட் கடைக்காரர் இப்போது அங்கேயே வந்து வரிசையில் நின்று வாங்குகிறார். பொட்டலத்தில் பெண்களின் பெயர் இருக்கிறது. தலைப்பாகைக்காரருக்கு வேலை போய்விட்டது. இதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் மனத்தாங்கல் வேறு. பிள்ளைகள் இந்தப் பாடத்தை ஒரு பெரிய அட்டையில் செய்து பள்ளி மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அம்புக்குறிகள் போட்டு எல்லாரும் இருக்கிறார்கள். கிழங்கு போடுகிறவர் இருக்கிறார், எண்ணெய்க் கடை இருக்கிறது, பாசார் தலைவர் இருக்கிறார், பர்கர்காரர்கூடச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். 'முதல் வாடிக்கையாளர்' என்று எழுதிய இடத்தில் என் வீட்டுக்காரியின் படம். தன் கடைக்கே வாடிக்கையாளர்! அவளுக்குப் பக்கத்தில் பெத்தாய் மாலை போட்ட ஓர் உடம்பு. கழுத்துக்கு மேலே அட்டை முடிந்துவிட்டது.

கண்ணாடிப் பெண்ணைக் கேட்டேன். "காசு எங்கேருந்து வந்துச்சோ அதத்தான தாத்தா போடணும்? அது பாட்டி காசு" என்கிறாள். டீச்சர், "இடம் பத்தலைங்க ஐயா" என்கிறார். வீட்டில் கேட்டால், "மூஞ்சி இல்லாம இருந்தாத்தான் எடுப்பா இருக்கு" என்கிறாள்.

நான் நியாயம் கேட்கிறேன். காசு யாருடையதாகவும் இருக்கட்டும். நான் காலையிலேயே வந்து போணி பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருகிறவர் ஒன்று வாங்கிக்கொண்டு போயிருப்பார், கூட்டம் சேர்ந்திருக்காது, பாதிச் சாமான் மிஞ்சியிருக்கும், இடம் பர்கருக்குப் போயிருக்கும். அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தி வைத்தது யார்? எழுந்து போகாமல் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேனே, அந்த உழைப்புக்கு அட்டையில் ஓர் அம்புக்குறிகூடவா இல்லை?

ஆகவே பள்ளிக்கூடத்தாரும், டீச்சரும், அந்தக் கண்ணாடியும் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அட்டையை மேலே ஒட்டுப் போட்டு நீட்டுங்கள். ஆணியும் பலகையும் நானே கொண்டுவருகிறேன். பெத்தாய் மாலைக்கு மேலே என் தலையை வையுங்கள், மை தடவிய மீசையோடு. கீழே, பஸ் கொட்டகையில் நின்று பார்த்தாலும் தெரிகிற அளவு எழுத்தில், 'கூட்டம் சேர்த்தவர் இவர்' என்று போடுங்கள். போடுகிறவரைக்கும் நான் மண்டபத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்திருப்பதில் எனக்கு எவ்வளவு திறமை என்று உங்களுக்கே தெரியும்.